தேருக்குக் கழற்றிய வயர்

வைகாசி 10, செவ்வாய்

வெயில். காலையிலேயே பட்டுக்கடை ஷட்டரில் கை வைக்க முடியவில்லை. மாடியில் ஏ.சி. சர்வருக்கு மட்டும், எனக்குக் கிடைப்பது அதன் மிச்சம்.

செய்ய வேண்டியது: பேக்கப் டேப். பில் பிரின்டருக்கு ரிப்பன். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது வாங்கணும் (மூன்றாவது வாரமாக எழுதுகிறேன்).

எங்கள் சென்னைக் கடைக்குப் போகும் கம்ப்யூட்டர் லைன் இன்றும் நின்று நின்று வருகிறது. அங்கே பில் போடும் கஸ்தூரி போனில் ஒரே கத்தல். "கல்யாணப் பார்ட்டி உக்காந்துக்கினு இருக்காங்க, ஸ்டாக் பார்த்தா கம்ப்யூட்டர் அப்படியே நிக்குது. நான் என்னான்னு சொல்றது?"

காலையில் நன்றாக இருக்கிறது. பதினோரு மணி வாக்கில் செத்துவிடுகிறது. மதியம் பிழைக்கிறது. மறுபடி போகிறது.

முதலாளி மாடிக்கே வந்துவிட்டார். என்ன கோளாறு என்றார். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது. "ஞாயித்துக்கிழமை தேருக்குக் கழட்டி மாட்டின வயர்தான் சார்."

நம்பும்படியான பதில்தான். சென்னை லைன் வந்து இறங்குவது எதிர்ச்சாரி குடோனில். அங்கிருந்து தெருவுக்குக் குறுக்கே வயர். பெருமாள் தேர் வரும் அன்று தெருவில் ஒரு வயர் இருக்கக் கூடாது. கரண்ட், கேபிள் டி.வி., எங்களுடையது, எல்லாம் இறங்கும். தேர் போனபின் ஏறும். இறக்கி ஏற்றியது எங்கள் ஒயரிங் ஆள் குமரேசன்.

நான் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

வைகாசி 11, புதன்

குமரேசன் வந்தார். திருப்புட்குழியிலிருந்து டி.வி.எஸ்.ஸில், முகமெல்லாம் புழுதி. இரண்டு முனையிலும் மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லா விளக்கும் எரிந்தது. என்னிடம் வந்து மெதுவாக, "வயர் நல்லாத்தான் இருக்குது மேடம். உங்க சைடுல ஒரு தபா பார்க்கிறீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் என் சர்வரைப் பற்றிச் சொல்ல. "என் சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு."

பிறகு கீழே ஹாலில் முதலாளி அவரைப் பிடித்துக்கொண்டார். சேல்ஸ்மேன்கள், ஜமக்காளத்தில் உட்கார்ந்து புடவை பார்க்கும் ஜனங்கள், எல்லார் எதிரிலும். "சாமி போறதுக்கு வயரைக் கழட்டத் தெரியுது, திரும்ப மாட்டத் தெரியலையா? நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லைன்னா புதுக் கடை ஒயரிங் உனக்குக் கிடையாது. மெட்ராஸ்ல ஆள் இருக்கான்."

முதலாளி கட்டும் புதுக் கடை மூன்று மாடி. அதை நம்பித்தான் கேபிள் டி.வி. தொழிலில் தன் பங்கை மச்சானுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு வந்தார் குமரேசன். அது எனக்குத் தெரியும். அவரே சொன்னார், போன மாசம், அத்தனை சந்தோஷமாக.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை.

ரிப்பன் வாங்கியாச்சு. மருந்து மறந்துவிட்டேன்.

வைகாசி 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

அக்கவுன்ட்ஸ் பெண் வழக்கம்போல் பதினோரு மணிக்கு மெயில் பார்க்க மோடத்தைப் போட்டாள். அந்த நிமிஷம் கஸ்தூரியின் போன்: "மறுபடி பூட்ச்சு." மோடத்தை அணைக்கச் சொன்னேன். "வந்துச்சு." போடச் சொன்னேன். "பூட்ச்சு."

சர்வர் எதை எந்த வழியில் அனுப்புகிறது என்ற ரூட் டேபிளை எடுத்துப் பார்த்தேன். வெளியே போகும் வழி என்று ஒரே ஒரு வரி இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

தேரன்று எதிர்ச்சாரி வயர் இருக்காதே, சென்னைக்கு ஒரு நாள் வழி வேண்டுமே என்று சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, புது பிராட்பேண்ட் மோடத்தை அதில் மாட்டியது யார்? நான். அந்தக் கார்டுக்கும் ஒரு டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், கொடுத்தது? நான். தேர் போனபின் அதை எடுக்காமல் விட்டது? கேட்கவே வேண்டாம். சென்னையிலிருந்து கேள்வி பழைய வாசலில் வருகிறது. சர்வர் பதிலைப் புது வாசலில் அனுப்பித் தொலைத்துவிடுகிறது. மோடம் அணைந்திருந்தால் புது வாசலே கிடையாது, எல்லாம் சரி.

இதில் பெரிய கூத்து, கம்ப்யூட்டர் அன்றைக்கே சொன்னது. மஞ்சள் முக்கோணம் போட்டு ஒரு பெட்டி: இரண்டு கேட்வே இருக்கிறது, இப்படியே வைத்துக்கொள்ளவா? கீழே கடை வாசலில், தேர் பார்க்க வந்த அம்மா தேங்காய்த் தட்டோடு நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். "பெருமாள் முக்கு திரும்பிட்டார்டி! வரியா இல்லையா?" படிக்காமல் 'யெஸ்' அழுத்திவிட்டு ஓடினேன். தேர் முன்னால் என்ன வேண்டிக்கொண்டேன் என்றுகூட நினைவில்லை.

இரண்டாவது கார்டில் கேட்வேயை அழித்தேன். மோடத்தைப் போடச் சொன்னேன். கஸ்தூரி: "இருக்குதுங்க! சூப்பர்!"

அழிக்கும்போது ஜன்னலில் குமரேசன் தெரிந்தார். ஏணி மேல், உச்சி வெயிலில், தலையில் ஈரத்துண்டு. நல்ல வயரை அறுக்கும் முன், அதை ஒட்டிப் புது வயர் இழுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

சாயங்காலம் ஹாலில் முதலாளி குரல்: "வயரை மாத்தினதும் பட்டுனு வந்துச்சு பாரு. மேடம் மொதல்லயே சொல்லிச்சு."

மேடம்.

வைகாசி 13, வெள்ளி

ஒன்றும் சொல்லவில்லை. லைன் ஜம்மென்று ஓடுகிறது. அது ஓட ஓட எனக்கு எரிச்சல்.

எப்படிச் சொல்வது:
"சார், வயர் இல்லை, கேட்வே." அவருக்குப் புரியாது.
"சார், தப்பு என்னுடையது." இது புரியும். அதனால்தான் வாய் வரவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம கம்ப்யூட்டர் அம்மா" என்று என்னைக் காட்டுவார். அந்தப் பேச்சு போய்விடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை. கேவலம்.

அம்மா: "ஏண்டி, தட்டுல சாத்தமுது சாதம் ஆறிடுத்து. யாரோட சண்டை?"

யாரோடும் இல்லை.

வைகாசி 14, சனி

இன்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். வழியில் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஜாக்கெட்டும் வாங்கிவிட்டேன், இன்று எல்லாம் ஒழுங்காகச் செய்கிற வெறி.

ஹாலில் குமரேசன் ஏற்கெனவே நின்றார். கழுத்தெல்லாம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும், "வாம்மா, உனக்குத்தான் வெயிட்டிங். குமரேசா, மேடம்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. கேட்டுட்டு புதுக் கடை வேலையை ஆரம்பிச்சுக்கோ" என்றார்.

சேல்ஸ்மேன்கள் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குமரேசன் கையைக் கட்டிக்கொண்டார். "அன்னைக்கு உங்க சைடுல பாருங்கன்னு சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க மேடம். வயர் உள்ளாற எங்கயோ முறிஞ்சிருக்குது, எனக்குத் தெரியாமப் பூட்ச்சு. என் தப்புதான், மன்னிச்சுக்கோங்க."

வாயைத் திறந்தேன். வேலை கிடைத்துவிட்டதே, இனி சொல்லி என்ன என்று ஒரு நினைப்பு ஓடியது. எத்தனை சௌகரியமான நினைப்பு.

"பரவாயில்லை குமரேசன்" என்றேன். அதோடு நின்றேனா? "இனிமே பார்த்துப் பண்ணுங்க" என்றேன்.