பதினான்காவது பதில்

ஜெராக்ஸ் எந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்து, ஸ்பைரல் போட்ட தாளுக்கு ஒரு வாசனை உண்டு. லீவுக்கு மாரண்டஹள்ளி வந்திருந்த என் கையில் அந்த வாசனையோடு ஒரு புத்தகத்தை இன்று காலை கொண்டுவந்து வைத்தாள் உரக்கடைக்காரர் மகள். பைலட் வேலைக்கான தேர்வுக்கும் நேர்காணலுக்கும் மாதிரிக் கேள்விகள், மாதிரிப் பதில்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டாளாம். சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் ஒரு கம்பெனியில் அடுத்த வாரம் தேர்வு. "அண்ணா, எதெது நல்லா இருக்குதுன்னு பாத்து டிக் அடிச்சுக் குடுங்க. பதினாலாவது எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது, அதையே சொல்லட்டுங்களா?" என்றாள். சாயங்காலம் வா, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

முதல் பக்கத்தைப் புரட்டினேன். ஏன் பைலட் ஆக விரும்புகிறீர்கள்? சின்ன வயதில் அப்பாவோடு வயலில் நின்று, வானத்தில் போகும் விமானத்தைப் பார்த்துக் கையசைத்தேன். இதை எழுதிய மகானுபாவன் வயலையும் பார்த்ததில்லை, வயலில் நிற்கும் அப்பனையும் பார்த்ததில்லை. பெங்களூர் போகிற விமானங்கள் நம் தலைக்கு மேல் நாள் முழுக்கப் போகின்றன. தக்காளி பறிக்கிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. இந்தக் குப்பையைப் படித்துவிட்டு வருகிறவர்களை நம்பித்தான் எழுபது பேர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள்.

பதினான்காவது கேள்விக்கு வந்தேன். பறக்கும்போது நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள். அதற்குக் கீழே உன் ஏரி இருந்தது.

உன் பெயர் இல்லை. ஏரி இருந்தது, கிழக்குக் கரையில் இருக்கவேண்டிய ரோடு இல்லாதது இருந்தது, பதினொரு நிமிடம் இருந்தது. மற்றதெல்லாம் எங்கேயோ டை கட்டிய ஒருவன் இஸ்திரி போட்ட இங்கிலீஷில் இருந்தது. உன் வாயில் அந்த வார்த்தைகள் ஒன்றுகூட நுழைந்திருக்காது. 

செத்துப்போனவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். எனக்கு அது வராது என்று உனக்கே தெரியும். நீ இருந்தபோது உன்னைப் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம். வடக்கே, பேர் தெரியாத ஊரில் இருந்த அந்த ஃப்ளையிங் ஸ்கூலில், இரண்டு பேரும் தருமபுரி என்ற ஒரே காரணத்துக்காக நம்மை ஒரே அறையில் போட்டார்கள். நீ கம்பைநல்லூர் அரசுப் பள்ளி. நான் ஓசூரில் ஃபீஸ் கட்டிப் படித்த இங்கிலீஷ் மீடியம். அந்தத் திமிர் எனக்குத் தலை கொள்ளாமல் இருந்தது. நீ ஒரு நாளைக்கு நான்கு தடவை சாம்பார் இல்லையென்று புலம்புவாய். தூக்கத்தில்கூட மரியாதையாகப் பேசுவாய்.

அந்த மரியாதைதான் உனக்கு வினையாக வந்தது. முதல் தடவை தனியாகப் பறந்த அன்று டவரிலிருந்து ஏதோ சொன்னார்கள். புரிந்தது என்பதற்கு ரோஜர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ பதற்றத்தில், "ரோஜருங்க" என்றாய். ஊரில் பெரியவர்களிடம் ‘சரிங்க’ என்று சொல்லிப் பழகிய வாய். டவரில் இருந்த வடக்கத்திக்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, அவர் பாட்டுக்கு அடுத்த விமானத்தைக் கூப்பிட்டார். ஆனால் கீழே, ரேடியோவைக் கேட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேனே. அன்று சாயங்காலம் மெஸ்ஸில் பெஞ்சு மேல் ஏறி நின்று நடித்துக் காட்டினேன். இங்கிலீஷில் விளக்கமும் சொன்னேன். படிப்பு முடியும் வரைக்கும் உன்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நீயும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிக்கிறவர்கள் வேண்டியிருந்தது, நீ கிடைத்தாய்.

லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஒரு வேலையும் இல்லாமல் ஊரில் கிடந்தோமே, அது ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீடுகளில், "பைலட்டு, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சொந்தக்காரர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அப்புறம் அந்தச் சின்ன கம்பெனியிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மெயில் வந்தது. பாலக்கோட்டில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் என் மாமாவின் கடை மாடியில் உட்கார்ந்து படித்தோம். எழுத்துத் தேர்வு, அப்புறம் மனநிலைத் தேர்வு, கடைசியில் நேர்காணல். நீ வானிலையைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தாய். மனநிலைத் தேர்வுதான் இருப்பதிலேயே பெரிய கூத்து. உங்களுக்குக் கோபம் வருமா என்று ஒரே கேள்வியை ஐந்து விதமாக மாற்றிக் கேட்பான். வராது என்று ஐந்து தடவையும் பொய் சொல்கிறவன் நிதானமானவனாம். நீ ஐந்திலும், ‘சில சமயம் வரும்’ என்று குறித்தாய். உருப்பட மாட்டாய் என்றேன்.

நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் இந்தப் பதினான்காவது கேள்வியை எடுத்தோம். நான் ஆன்லைனில் ஒரு கோச்சிங்காரனிடம் சேர்ந்திருந்தேன். ஆபத்தில்லாத தவறாகப் பார்த்துச் சொல்லச் சொல்லி அவன் உபதேசம். கிளம்பும்முன் சரிபார்க்க வேண்டிய பட்டியலை இரண்டாவது தடவையும் படித்ததில் ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டது, அதுதான் என் தவறு. நல்லவனாக இருந்ததே தவறு என்கிற பதில். நீ அதைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாய். பிறகு, "என்னோடது ஒண்ணு இருக்குதுடா. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாய்.

தனியாக நெடுந்தூரம் பறந்த அன்று புகைமூட்டம். மேப்பின்படி எதிரே ஒரு ஏரியும் அதன் கிழக்குக் கரையில் ஒரு ரோடும் வர வேண்டும். ஏரி வந்தது, ரோடு வரவில்லை. வேறு ஏரி என்று உனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலே பதினொரு நிமிடம் ஓட்டியிருக்கிறாய். கடைசியில் ஒரு ரயில் தண்டவாளம் கண்ணில் பட்டு, அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாய்.

"டவரக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பானேடா" என்றேன்.

"கேட்டிருப்பேன். ஆனா அதே ஃப்ரீக்வென்சில நீயும் பறந்துட்டு இருந்தியே. பதட்டத்துல மறுபடியும் எதனா ஒளறுவேன், நீ கேப்பேன்னு பேசல."

நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. நீயும் சிரித்தாய்.

பெங்களூரில் எனக்குப் பதினொரு மணிக்கு நேர்காணல், உனக்குப் பன்னிரண்டுக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டை, தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாங்கியது. உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த கேப்டன் என் பட்டியல் கதையைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். இன்று காலையிலிருந்து மூன்றாவது ஆளாக இதைச் சொல்கிறாய், நிஜமாக ஒன்று இருந்தால் சொல், இல்லாவிட்டால் போகலாம் என்றார்.  அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தே காலத்தை ஓட்டியவனுக்குத் தன்னுடையது என்று எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் ஏரியை எடுத்துச் சொன்னேன். ரோடு இல்லாததைச் சொன்னேன், தண்டவாளத்தைச் சொன்னேன். இங்கிலீஷ் தடுமாறும், நண்பர்கள் கேலி செய்வார்கள், அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நான் செய்த கேலிக்கு நானே பலியானவனாக உட்கார்ந்திருந்தேன். கேப்டன் முன்னால் சாய்ந்து கேட்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். அறையை விட்டு வரும்போது வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

வெளியே, கழிப்பறை வாசலில், டையைக் கழற்றி உன் கழுத்தில் போட்டு முடிச்சை இறுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உன்னைக் கூப்பிட்டார்கள்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாய். ரயில் ஓசூர் தாண்டும்போது டையைக் கழற்றி மடித்து வைத்தாய். அப்புறம், "நான் ஏரியச் சொல்லச் சொல்ல அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சாங்கடா. அந்தக் கேப்டன், யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு கேட்டாரு. நெசமாத்தான் சார்னு சொன்னேன். போதும்னு சொல்லிட்டாங்க" என்றாய். நீ என்ன சொன்னாய் என்று என்னைக் கேட்டாய். பட்டியல் கதையைத்தான் சொன்னேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது என்றேன். அப்படியென்றால் பொய் சொல்கிறவனுக்குத்தான் வேலை போலிருக்கிறது என்றாய், வருத்தமாகக்கூட இல்லை, வெறும் தகவலைச் சொல்வதுபோல. சந்தேகப்படவே தெரியாத உன் புத்தியை அன்று நான் மனதுக்குள் இளக்காரமாக நினைத்தேன். இளக்காரமாக நினைத்தால்தான் என்னால் அந்த ரயிலில் உன் எதிரே உட்கார முடிந்தது.

மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் ஆகும் என்றார்கள். அதற்குள் உன் லைசென்ஸைப் புதுப்பிக்கும் காலம் வந்தது, அதற்கு மறுபடி பறக்க வேண்டும், பறக்க உன் வீட்டில் விற்பதற்கு இனி நிலம் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனாய். இரண்டாவது வருடம் மஞ்சள் காமாலை. ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கு என்ன, கதை வேண்டும். நீ ஏங்கவில்லை, வேறு வேலை பார்த்தாய், அது எனக்குத் தெரியும். துக்கம் கேட்க நான் கம்பைநல்லூர் வந்தபோது உன் அம்மா என் யூனிஃபார்ம் போட்ட படத்தை ஃபோனில் காட்டச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான படிச்சீங்க, சாமி. எம்பையன் அங்க போயி என்னத்தத் தப்பாச் சொன்னானோ" என்றார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வேலை கிடைத்த புதிதில் அந்தக் கோச்சிங்காரன் மாதிரிப் பதில்களில் சேர்க்கக் கேட்டதும் என் பதில்களையெல்லாம் எழுதி அனுப்பினேன், பெருமையாக. அதில் உன்னுடையதும் போனது. அது இத்தனை வருடம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு இன்று மாரண்டஹள்ளிக்கே வந்து நிற்கிறது.

சாயங்காலம் உரக்கடைக்காரர் மகள் வந்தாள். பதினான்காவது பதிலை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடித்துக் கொடுத்தேன். ஏன் என்றாள். அது நிஜமாக வேறொருவனுக்கு நடந்தது, தனக்கு நடந்ததை அவள் சொல்லட்டும் என்றேன். உன் பெயரையும் ஊரையும் சொன்னேன். அவள் கண்ணை விரித்து, "நம்ம கம்பைநல்லூருங்களா? அவரு இப்ப எந்த ஏர்லைன்ஸ்ல இருக்கறாருங்கண்ணா?" என்று கேட்டாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம், ஒன்று விடாமல். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். போகும்போது வரேங்கண்ணா என்று சொல்லவில்லை. அது சரிதான்.

அடுத்த மாதம் எனக்குக் கேப்டன் பதவிக்கான நேர்காணல். அந்தக் கேள்வியை அவர்கள் மறுபடி கேட்பார்கள். இந்த முறை இரவல் வாங்க வேண்டியதில்லை, எனக்கே ஒன்று இருக்கிறது. சொன்னால் கோட்டின் கையில் கேப்டனுக்கான நாலாவது பட்டை ஏறாமல் போகலாம், இருக்கிற மூன்றும் போனாலும் போகலாம். தெரிந்துதான் சொல்லப்போகிறேன். அன்று கழிப்பறை வாசலில், உன் டை முடிச்சு என் விரல்களில் இருந்தபோது, நீ என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்: "தப்பு என்னன்னு கேட்டா ஏரியவே சொல்லிடட்டுமாடா?"

"சொல்லு" என்றேன்.