எம்புட்டுப் பெரிய டிரான்ஸ்பார்மர்?

பிரியமுள்ள பியூலாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உன் இடுப்புவலி தேவலையா?

“பேண்டேஜ் சுத்துற ரெண்டு ஜப்பான் மெஷினுக்கு எம்புட்டுப் பெரிய டிரான்ஸ்பார்மர் வாங்கணும்?” என்று போனில் கேட்டாயே. ஜப்பானில் வோல்ட் குறைவு; நம்மூர்க் கரண்டைக் குறைத்துக் கொடுக்கத்தான் டிரான்ஸ்பார்மர். ஆனால் மெஷின் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். கடைக்காரரிடம் அதையும் சொல்லி ராஜபாளையத்திலேயே வாங்கு. இங்கே மஸ்கட்டில் ஒரு ரொட்டிக்கடையின் ஜப்பான் மெஷினுக்கு, எலக்ட்ரீஷியனான நானே அதை மறந்து சின்னதாக மாட்டிவிட்டேன். சூடேறியதைத் தொட்டுப் பார்த்ததில் விரல் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். இடது கையால் எழுதுகிறேன்; கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எழுது. தினமும் இரண்டு பேருக்கு வடித்துவிடுகிறேன்.

வேலைக்குப் போகிற வேன் வந்துவிட்டது. டிரான்ஸ்பார்மரை மூன்று மெஷினுக்குக் கணக்குப் போட்டே வாங்கு. மூன்றாவதை நான் வந்து ஓட்டுவேன்.

உன் வினோத்