ஸ்வெட்டர் என்று சொன்னவன்

பிரஸ்ஸல்ஸ்,
12 டிசம்பர் 1977

அன்பு நண்பன் சானுக்கு,

கிட்-மின் எழுதுகிறேன். நீயும் உன் மனைவி லாய்-யிங்கும் நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு உண்டா, தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இங்கே எலும்பைக் கடிக்கும் குளிர். மூன்று வேளையும் உருளைக்கிழங்கு. அரிசிக் கஞ்சி கனவில் வருகிறது.

ஒப்பந்தச் செய்தி நம் ஊர்ப் பத்திரிகையில் வந்திருக்கும். ஐரோப்பாவுக்குப் போகும் ஹாங்காங் ஸ்வெட்டர்களின் கோட்டாவை, அனுப்ப அனுமதித்த அளவை, வெட்டிவிட்டார்கள் என்று படித்திருப்பாய். யார் வெட்டியது என்று பத்திரிகைக்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் அரசாங்கக் குழு உட்கார்ந்த பேச்சுவார்த்தை மேசையில் 'ஹாங்காங்' என்று நமக்குத் தனிப் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். நம்மை ஆளும் லண்டன் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டதால், அவர்கள் ஆள் எதிர்வரிசையில் இருந்தார். முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நமக்காக நாமே பேசப்போகிறோம் என்று கர்வப்பட்டேன்.

எட்டாம் நாள் எதிர்த்தரப்பு கறாராகச் சொல்லிவிட்டது: கால்சட்டை, ஸ்வெட்டர் இரண்டில் ஒன்றைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் அவர்களே வெட்டிவிடுவார்கள். எங்கள் குழுத் தலைவர் ஹேலிங் வெள்ளைக்காரர்தான், ஆனாலும் நமக்காகத் தொண்டை கட்டும்வரை வாதாடியவர். தேநீர் இடைவேளையில் என்னை ஜன்னலோரம் அழைத்தார்.

"மின், நீ அந்த ஊர்க்காரன், நீயே சொல்லு. எதை விட்டா ஊர்ல சத்தம் கம்மியா இருக்கும்?"

கால்சட்டை பெரிய ஆலைகளின் சரக்கு. அவர்களுக்குச் சங்கம், வக்கீல், கவர்னரோடு விருந்து எல்லாம் உண்டு. ஸ்வெட்டர், சான் போ கோங் பேட்டையில் மாடிக்கு மாடி நாற்பது பேரை வைத்துப் பின்னுகிற உன்னைப் போன்றவர்களுடையது. யோசித்துச் சொன்னேன் என்றால் அது பொய்.

"ஸ்வெட்டரை விட்டுடலாம் சார். அவங்களுக்குச் சங்கம் எதுவும் கிடையாது."

அவர் தலையாட்டினார். என் கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில் தேநீர்க்கடையில் நீ கேட்டாயே: "புதுப் பின்னல் மெஷின் ஆறு எடுக்கலாமாடா? கவர்மென்ட் பேனாவ ஒரு நிமிஷம் மூடி வச்சுட்டு, உள்ளத சொல்லு." நானும் பெரிய மனிதன்போல, "தைரியமா எடு, ஸ்வெட்டர்ல எவனும் கை வைக்கமாட்டான்" என்றேன். அன்று அதை நம்பித்தான் சொன்னேன்.

ஹேலிங்குக்குப் பதில் சொன்ன மறுநாள் லாய்-யிங்கின் கடிதம் வந்தது. சனிக்கிழமை மெஷின் இறங்குகிறது, அதுவரை வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு என்று எழுதியிருந்தாள். "ரகசியத்தையெல்லாம் சொல்ல வேணாம் அண்ணா. எடுக்க வேணாம்னா, 'உடம்பப் பாத்துக்கோங்க'ன்னு மட்டும் ஒரு தந்தி குடுங்க, புரிஞ்சுக்குவோம்."

தபால் நிலையம் என் ஓட்டலுக்கு எதிரில்தான். போனேன். படிவத்தை நிரப்பினேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் படிவத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் தபால்தலை கேட்டேன். இந்த உறையில் ஒட்டியிருப்பது அதில் ஒன்று.

ரகசியக் காப்பு உறுதிமொழி தடுத்தது என்று இரண்டு நாள் எனக்கே சமாதானம் சொன்னேன். உறுதிமொழி இல்லை, சான். தந்தி வந்தால், எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும்; ஸ்வெட்டரை விட்டுக்கொடுத்தது யார் என்று நீ ஒரு நாள் கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். சனிக்கிழமை இங்கே பனி கொட்டியது. உன் மாடிப்படியில் ஆறு இயந்திரங்களையும் தோளில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டல் அறையிலேயே கிடந்தேன்.

அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, நம் ஊர் தன் வாயால் பேசியது உண்மைதான். அந்த வாய் என்னுடையது. அது உன்னைத்தான் கைகாட்டியது.

இருபதாம் தேதி ஊர் திரும்புகிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. லாய்-யிங்கிடம் இந்தக் கடிதத்தை மறைக்காதே. ஒன்றே ஒன்று செய். மாடிக்கு மாடி ஏறி, பின்னல்காரர்கள் எல்லாரையும் கூட்டி ஒரு சங்கம் வை. என் அலுவலக வாசலுக்கு வந்து கத்துங்கள். என் பெயரைச் சொல்லியே கத்துங்கள். சத்தம் போடாதவர்கள் யார் என்று இனி ஒருவன் என்னிடம் கேட்டால், உங்கள் பெயரைச் சொல்ல என் நாக்கு நடுங்க வேண்டும்.

வருவாயா, சான்?

உன் நண்பன் என்று போட்டுக்கொள்ளத் துணியாத,
ஆவ் கிட்-மின்