எரியாத ஏபிஎஸ் விளக்கு

தை மாதம், செவ்வாய் இரவு

இன்று மாலை எங்கள் வீட்டுக்குக் கிட்ட, பியர்பொன்ட்ஸில் ஸ்டாப் பலகையைக் கண்டு பிரேக்கை மிதித்தேன். எங்கள் பழைய கார் பனிக்கட்டியில் வழுக்கி, சந்தியின் நடுவில் போய் நின்றது. பின்சீட்டில் மகள் இருந்தாள்.

போன கிழமைதான் கணவர் தன் சிநேகிதரின் கராஜில், பிரேக் பிடிக்கும்போது சில்லுகள் வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸைத் திருத்திக்கொண்டு வந்தார். அதுவரை பழுதென்று எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை விளக்கு அன்றிலிருந்து எரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்யும்போது எல்லா விளக்குகளும் ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரியவேயில்லை.

“உங்கட சிநேகிதன் பிரேக்கைத் திருத்தினவரோ, லைட்டைக் கழட்டினவரோ?” என்று கேட்டேன்.

“அவன் அப்பிடிச் செய்யமாட்டான். நீர் சும்மா இரும்,” என்றார், என் முகத்தைப் பாராமல்.

லைட்டைக் கழட்டினது இவருக்கும் தெரியுமோ?

நாளை மகளோடு பஸ்ஸில்தான் போவேன். கார்ச் சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.