மணப்பாறை பஸ் நிற்காது

ஜூலை 1986, செவ்வாய்.

மகள் ஸ்டெல்லா நாளை பதில் சொல்லியாக வேண்டும். அவள் பாடம் நடத்தும் கல்லூரியில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க இப்போதே கேபிள் வாங்குவதா, பொறுப்பதா? ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் இணைக்கிறது. எல்லாருக்கும் பொதுவான விதிமுறையை வெளிநாட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது முடியட்டும் என்கிறார் பிரின்ஸிபல்; ஆனால் முடிவை அவளிடமே விட்டிருக்கிறார்.

பத்திரிகையில் வேலை பார்க்கும் என்னிடம் சாப்பிடும்போது கேட்டாள். "அப்பா, செய்தி பாதிதான் வந்திருந்தா பேப்பரை அச்சுக்கு விடுவீங்களா?"

"வெளியூர்ப் பதிப்புன்னா விட்டுடுவோம்மா. பேப்பர் கட்டை ஏத்திட்டுப் போற மணப்பாறை பஸ் நமக்காக நிக்காதே. மீதி, அப்புறம் அடிக்கிற நம்ம ஊர்ப் பதிப்புல வரும்."

"என் கடைசி வருஷப் பிள்ளைங்களுக்கும் பஸ் நிக்காதுப்பா. விதிமுறை வர்றதுக்குள்ள அவங்க படிப்பு முடிஞ்சிடும். வாங்கிடறேன்."

"நாளைக்கு அது உதவாமப் போச்சுன்னா?"

"கேபிளைச் சுவருக்குள்ள பதிக்கல. வெளியில ஆணியடிச்சு ஓட்டிக்கறேன், மாத்தணும்னா பிரிச்சுக்கலாம். ரசம் ஊத்துங்க."

ஊற்றினேன். பாதிச் செய்தியை எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன். தவறென்றால் மறுநாள் திருத்தம் போடுவோம். அதில் என் பெயர் இராது. கேபிள் வாங்க இவள் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அவ்வளவு தெளிவு. விட்டுவிட்டேன்.

"காலையில பாலக்கரைக் கடையில ஆணி வாங்க நானும் வரேன்" என்றேன்.

"நல்ல ஆணியா பார்த்து வாங்கணும்ப்பா, சுலபமா பிடுங்க வரணும்" என்றாள்.