சைகோனிலிருந்து பாகூர் எத்தனை நாள்

சைகோன்,
2 மார்ச் 1939

தங்கை தையலம்மாளுக்கு உலகநாதன் எழுதுவது.

உன் மகள் கஸ்தூரிக்கு வைகாசியில் கல்யாணம் என்று நீ எழுதிய கடிதம் கப்பலில் ஆடி அசைந்து நேற்றுதான் வந்தது. அவளுக்கு என் ஆசீர்வாதம். நான் வருவதற்கில்லை. கப்பலில் வந்து திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நான் வேலை பார்க்கும் கோர்ட்டில் அத்தனை நாள் லீவு விடமாட்டார்கள்.

விட்டாலும் வருவேனா? பதினான்கு வருஷத்துக்கு முன் பொங்கல் சீரோடு உன் வாசலில் வந்து நின்றேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாட்டைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். 'வாங்க' என்று ஒரு வார்த்தை இல்லை. அப்படியே திரும்பியவன்தான் கப்பல் ஏறினேன்.

என்னை எதிர்பார்த்து நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இதை விமானத் தபாலில் போடுகிறேன்.

உலகநாதன்

பாகூர்,
10 மார்ச் 1939

அண்ணனுக்குத் தையலு கும்பிட்டு எழுதுவது.

உன் கடிதம் ஏழாம் நாளே வந்துவிட்டது! தபால்காரர் இருசப்பன் தெருமுனையிலிருந்தே, "தையலு, உங்க அண்ணன் காயிதம் ஆகாசத்துல பறந்து வந்துக்குது!" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் உறையைத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் காசம்மாள் அதை மோந்துவிட்டு, "இன்னாடி, மேகத்துல வந்ததுன்ற, கொஞ்சங்கூட நனையலியே?" என்கிறாள்.

போன வாரம் நீ தொட்ட காகிதம் இது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது, அண்ணா.

கடிதம் ஏறிவரும் விமானத்தில் ஆள் ஏறிவரக் கூடாதா? "கோடையில ஏரி காஞ்சிதான கெடக்கும், அங்கியே எறக்கிவுடச் சொல்லு" என்கிறார் இருசப்பன்.

தாய்மாமன் நீ வந்து அவள் நெற்றியில் பட்டம் கட்டாமல் என் பெண் மணையில் உட்காரமாட்டாள். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். "வந்தா வரட்டும், நான் இன்னா கதவ சாத்தியா வெச்சிக்கிறேன்?" என்றார். என்னிடமே அளந்து பேசுகிற மனுஷன். அதற்குமேல் அவர் வாயிலிருந்து பெயராது.

தையலு

கல்கத்தா,
24 மே 1939

தையலு,

நேற்று முன்தினம் காலை சைகோனில் காப்பி குடித்தவன் கல்கத்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

விமானம் எழும்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மேகங்கள் எனக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நிழல் கடல்மேல் ஊர்ந்தது. ஒரு கப்பல் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நிற்பதுபோலிருந்தது. அதில் எவனாவது என்னைப்போல் பழைய கோபத்தை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரன் தூங்கிவிட்டான். எப்படித்தான் தூங்கினானோ! நான் வாய்விட்டு "அடேயப்பா" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் எதையும் மெச்சியதில்லை, உனக்குத் தெரியும்.

இன்றிரவு மதராஸ் மெயில் ரயிலில் நானும் இந்தக் கடிதமும் சேர்ந்தே வருகிறோம். கஸ்தூரிக்குப் புடவை எடுக்க நான் மதராஸில் ஒரு நாள் தங்குவேன். கடிதம் முந்திக்கொள்ளும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

விமானத்தின் இரைச்சலில் காது அடைத்தது, இன்னும் திறக்கவில்லை. வாசலில் உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது. 'வாங்க' என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

உன் அண்ணன்
உலகநாதன்