கேட்காமல் தொடங்கிய சண்டை

செயலாளர்,

இன்றைக்கும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் அந்த மணம் போகவில்லை. எங்கேயோ ஒரு நாட்டுச் சனாதிபதி, தன்னுடைய சபையைக் கேளாமல் இன்னொரு நாட்டின் மேல் குண்டு போட்டுவிட்டார். அதனால் எண்ணெய் வராமல், இங்கே குச்சவெளியில் பாதிப் படகுகள் கரையில் கிடக்கின்றன. போரை நிறுத்தச் சொல்லி அவர்களுடைய சபையில் இப்போதுதான் வாக்கெடுப்பாம். "தீர்மானம் தோத்துப்போச்சாம்" என்று பின்னால் நின்றவர் போனைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

அப்போது மீனவர் சங்கத்துக்கு நான் தலைவர், நீங்கள் செயலாளர். கிழிந்த வலையைப் பொத்தும்போதெல்லாம் உங்களுக்கு வெளிநாட்டு அரசியல்தான். "போர் எண்டு அறிவிக்கிற உரிமை சபைக்குத்தான், தலைவர். ஆனா படை சனாதிபதியின்ர கையில. 'இது போர் இல்லை, நடவடிக்கை' எண்டு சொல்லிப்போட்டு இறங்கிடுவார். செலவு தலைக்கு மேல போகேக்கதான் சபை முழிக்கும்." "உந்தக் கதையை விட்டிட்டு ஊசியை எடுங்கோ" என்று நான் சிரிப்பேன். அந்தக் கதையை இன்னொருக்கால் கேட்க மாட்டேனா என்றிருக்கிறது.

ஒரு வருசம் வெளியூர்ப் படகுகள் தடைசெய்த வலையோடு எங்கள் கடலுக்குள் வந்தன. எனக்கு இரத்தம் கொதித்தது. "பொதுக்கூட்டம் வைச்சுச் சனத்திட்டக் கேப்பம்" என்றீர்கள்.

"கூட்டம் முடிய மீன் இருக்காது. நான் சண்டைக்குப் போகேல்லை, கதைக்கத்தான் போறன்."

பன்னிரண்டு படகுகளோடு கதைக்கப் போன தலைவர் நான்! கைகலப்பில் உங்கள் தம்பியின் படகு கவிழ்ந்தது. ஆளை உயிரோடு இழுத்தெடுத்தோம். அதன்பிறகு அவர் கடலில் கால் வைக்கவேயில்லை. நான் கூப்பிட்டதால் வந்த மனுசன்.

வெட்கத்தை விட்டு உங்களிடமே வந்தேன். போவதற்கு முன்பே கூட்டம் நடந்து எல்லாரும் சம்மதித்ததாக, கூட்டக் குறிப்புகள் எழுதும் அறிக்கைக் கொப்பியில் எழுதச் சொன்னேன். "நடவாத கூட்டத்தை எழுத எனக்கு ஏலாது." உங்கள் குரல் உயரவேயில்லை. நான்தான் கத்தினேன். அத்தனை காலப் பழக்கத்தில் முதல் தடவையாக உங்களை "நீ" என்றேன்.

பிறகு கூட்டம் கூடியது, என்னை விலக்க. என் சொந்த மச்சானே கை தூக்கினான். நீங்கள் தூக்கிய கைகளை எண்ணி எழுதினீர்கள், உங்கள் கை மட்டும் கொப்பியிலேயே இருந்தது. ஏன் என்று யாரோ கேட்டார்கள். "அவர் செய்தது பிழை. அதை எழுதியும் போட்டன். ஆனா அவரை விலக்க எனக்குக் கை எழும்பாது." இரக்கப்படுகிறீர்கள் என்று நினைத்து, விறுவிறென்று எழும்பிப் போய்விட்டேன்.

எனக்கும் உங்களுக்கும் இடையில் நாலு வீடு. இரண்டு வருசம் றோட்டில் கண்டால் முகத்தைத் திருப்பினேன். நீங்கள் ஒவ்வொரு முறையும் சைக்கிளை மெதுவாக்குவீர்கள். ஒருநாள் உங்களுக்கு நெஞ்சுவலி என்றார்கள். நான் என் வேலியடியில் நின்றபடிதான் உங்களைக் கடைசிப் பயணம் அனுப்பிவைத்தேன்.

மன்னியுங்கோ என்று சொல்ல எந்தச் சபையையும் நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. எல்லாவற்றையும் கேளாமல் தொடங்கியவன், அதை மட்டும் தொடங்கவேயில்லை.